வானுக்குள் சிந்திய எண்ணெய்

எமது ஊர்களில் ஒரு வாகனம் ஒரே வேலையோடு நின்றுவிடுவதில்லை. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் சென்ற அதே வான், பத்து மணிக்குச் சந்தைக்கு வெங்காயம் ஏற்றும். பின்னேரம் லான்ட்மாஸ்டருக்கு டீசலும் தோட்டத்துத் தண்ணீர் மிசினுக்கு மண்ணெண்ணெயும் கான்களில் கொண்டுவரும். கரையோரக் கிராமமானால் படகு எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய் வேண்டும். அதுவும் இதே வானில்தான் வந்து சேரும். வழியில் ஒரு பள்ளம், அல்லது குறுக்கே ஒரு மாடு. சாரதி பிறேக்கை மிதிக்கிறார். பின்னால் கான் சரிகிறது. வீடு வந்து கதவைத் திறந்தால், நாம் கார்ப்பெற் என்று சொல்லும் தரைவிரிப்பு நனைந்து கிடக்கிறது. வான் முழுவதும் மணக்கிறது.

இந்த நிலையில் பெரும்பாலானோர் செய்வது என்ன? ஒரு வாளி தண்ணீரை அள்ளி ஊற்றித் தேய்க்கிறார்கள். காய்ந்த பிறகும் மணம் போகாவிட்டால் கடையில் வாசனைப் போத்தல் ஒன்றை வாங்கித் தொங்கவிடுகிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஊதுபத்தி கொளுத்துகிறார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளை தலையிடி என்கிறது, சத்தி எடுக்கிறது. “பிள்ளைக்கு வான் ஓட்டம் ஒத்துக்கொள்வதில்லை” என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

மணம் வருகிறதென்றால் எண்ணெய் இன்னும் அங்கேயே இருக்கிறது என்பதுதான் பொருள். கார்ப்பெற்றில் இருந்து ஆவியாகி எழும் எண்ணெயைத்தான் மூக்கு உணர்கிறது. அந்த எண்ணெயை வெளியே எடுக்காமல் மணத்தை மட்டும் போக்க வழி கிடையாது. எடுக்கும்போது எந்த எண்ணெய் சிந்தியது என்பதை அறிந்து எடுக்க வேண்டும். அறியாமல் எடுத்தால் வானோடு ஆளும் கருகக்கூடும்.

மூன்று எண்ணெய், மூன்று குணம்

பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகிய மூன்றும் மசகெண்ணெயிலிருந்து பிரித்தெடுக்கப்படுபவை. ஆனால் ஒரு தாய்க்குப் பிறந்த மூவரும் ஒரே குணம் உடையவர்களாக இருப்பதில்லை அல்லவா? இவையும் அப்படித்தான்.

பெற்றோல் அவசரக்காரன். சிந்திய கணத்திலிருந்தே ஆவியாகத் தொடங்கும். அதன் பெரும்பகுதி சில மணி நேரத்தில் தானாகவே போய்விடும். பாரமான சிறுபகுதி மட்டும் சில நாட்களுக்குத் தங்கி மணக்கும். துடைப்பதற்கு இலகுவானது என்று இதைச் சொல்லலாம். ஆனால் போகும் அந்தச் சில மணி நேரமே ஆபத்தான நேரம்.

டீசல் சோம்பேறி. சாதாரண வெப்பத்தில் மிக மெதுவாகவே ஆவியாகும். சிந்திய இடத்திலேயே படுத்துக்கிடந்து வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் மணக்கும். தண்ணீர் ஊற்றினால் அசையாது. இன்னும் ஆழமாக இறங்கும். மண்ணெண்ணெய் இரண்டுக்கும் நடுவில் நிற்பது.

தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியை விடத் தொடங்கும் வெப்பநிலை ஒவ்வொன்றுக்கும் வேறு. பெற்றோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 பாகை சென்ரிகிறேட். அதாவது இலங்கையில் எந்த இடத்திலும், நுவரெலியாவின் மார்கழிக் குளிரிலும், அது நெருப்புக்குத் தயாராகவே இருக்கிறது. மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்குச் சற்று மேல். டீசலுக்கு 50 பாகைக்கு மேல். “மண்ணெண்ணெய்தானே, பயமில்லை” என்று எம்மவர் சொல்வது திறந்த முற்றத்தில் ஓரளவு சரி. நண்பகல் வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய வாகனத்தின் உள்ளே 50 பாகையைத் தாண்டுவது சாதாரணம். அங்கே மண்ணெண்ணெயும் பெற்றோலைப் போலவே நடந்துகொள்ளும். முன் ஆசனத்துக்குக் கீழே எஞ்சின் உள்ள வான்களில் தரைத் தகடே சூடேறும். சிந்திய டீசல் வீட்டில் நிற்கும்போது மணக்காமல், ஓடத் தொடங்கி அரை மணியில் மணக்கத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே.

யாழ்ப்பாணத்தில் 1990ஆம் ஆண்டுக்குப் பின்னரான எரிபொருள் தடைக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு மண்ணெண்ணெய் மணத்தைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர் கார்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. ஏறியவர் உடுப்பிலும் தலைமயிரிலும் அந்த மணத்தோடுதான் இறங்குவார். அந்தக் கார்களில் விரிப்பைச் சுருட்டி எடுத்து உதறிக் காயவிடுவது பெரிய வேலையல்ல. இன்று வரும் வாகனங்களில் கார்ப்பெற்றைத் தரையின் வடிவத்துக்கே வார்த்து, ஆசனங்களுக்கு அடியால் செலுத்திப் பொருத்தியிருக்கிறார்கள். சிந்தியதை எடுப்பது அதனால்தான் கடினமாகிவிட்டது.

வாகனத்துக்குள் எப்போதும் ஒரு கான் வைத்திருக்கும் பழக்கம் 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது பரவலாயிற்று. பெற்றோல் செற்றுகளில் நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்கள், கிடைத்ததைச் சேமிக்க விரும்பியதில் வியப்பில்லை. அவ்வாண்டு யூலையில் வந்த கியூஆர் முறை 2023 செப்டெம்பரில் நிறுத்தப்பட்டது. கான் மட்டும் பல வாகனங்களில் இறங்காமல் இருந்துவிட்டது. மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. சிந்துவது காசுக்கும் நட்டம் என்பதை அன்று கடற்றொழிலாளர் நன்றாகவே உணர்ந்தனர்.

முதலில் நெருப்பு, பிறகுதான் மணம்

சிந்தியது பெற்றோல் என்றால் துடைக்கும் துணியைத் தேடி ஓட வேண்டாம். முதலில் ஆட்களை இறக்குங்கள். எல்லாக் கதவுகளையும் திறந்துவிடுங்கள். வாகனம் அடுப்படிக்கோ குப்பை எரியும் இடத்துக்கோ அருகில் நின்றால், எஞ்சினை இயக்காமல் கையால் தள்ளி வெளியான இடத்தில் நிறுத்துங்கள். திறப்பைத் திருப்புவதும், உள் விளக்கைப் போடுவதும், மின்விசிறியைப் போடுவதும் சிறு தீப்பொறிக்கு இடம் கொடுக்கும் செயல்கள். சில வான்களில் பற்றரி ஆசனத்துக்கு அடியிலேயே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலெழுந்து யன்னலால் போய்விடாமல் தண்ணீரைப் போல் தரையில் தேங்கும். படியால் வழிந்து நிலத்தோடு ஊர்ந்து செல்லும். ஆகவே கண்ணாடியை இறக்கினால் மட்டும் போதாது. கதவுகள் திறந்திருக்க வேண்டும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் பெற்றோல் ஆவி கலந்தாலே அது தீப்பற்றும் கலவையாகிவிடும். கணக்குப் பார்த்தால், ஒரு தேநீர்க் கோப்பை அளவு பெற்றோல் முழுவதும் ஆவியானால், மூடிய சிறு கார் ஒன்றின் உள்ளறையை அந்த நிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இத்தனைக்கும் அது கோப்பையளவே. எம்மவர் கொண்டுவருவது ஐந்து லீற்றர் கான்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு கராச்சில் நாம் நின்றபோது இளம் சாரதி ஒருவர் தமது வானைக் கொண்டுவந்து நிறுத்தினார். பின்பக்கத்தில் பெற்றோல் சிந்தியிருந்தது. முன்பக்கத்தில் படத்துக்கு எதிரே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. வயதான மெக்கானிக் கிட்ட வரவே இல்லை.

“தம்பி, முதல் அந்த ஊதுபத்தியை எடுத்து மண்ணுக்குள்ள புதை.”

“இல்லையண்ணை, மணம் போகட்டும் எண்டுதான் கொளுத்தினனான்.”

“மணம் போகாது தம்பி. வான்தான் போகும்.”

காலையில் வாகனம் எடுக்கும்போது ஊதுபத்தியோ கற்பூரமோ கொளுத்துவது சாரதிகள் பலரின் வழக்கம். அந்த வழக்கத்தில் எமக்குக் குறையில்லை. எண்ணெய் சிந்திய வானுக்குள், அது காய்ந்து மணம் நீங்கும் வரையில், அதை வீட்டுப் படத்துக்கு முன்னால் செய்யலாம். நுளம்புத்திரிக்கும் பீடிக்கும் இது பொருந்தும்.

வீட்டில் தூசு உறிஞ்சும் மிசின் வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டுவந்து பெற்றோலை உறிஞ்சப் பார்ப்பதுண்டு. அதன் மோட்டருக்குள் தீப்பொறி எழுகிறது. ஆவி நேரே அங்கேதான் போகும். தலைமயிர் காயவைக்கும் மிசினும் அப்படியே. இரண்டும் வேண்டாம்.

எண்ணெய் எங்கே போய் ஒளிகிறது?

வாகனத்தின் கார்ப்பெற்றை ஒரு துணி என்று எண்ணுகிறோம். உண்மையில் அது மூன்று நான்கு அடுக்குகள் கொண்டது. மேலே தெரியும் மயிர் போன்ற நார் பெரும்பாலும் நைலோன் அல்லது பொலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்ரிக் வகை. பொலிபுரொப்பிலீன் தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் எண்ணெயை விரும்பிப் பிடித்துக்கொள்ளும். நாருக்குக் கீழே அதைப் பிடித்து வைத்திருக்கும் இறப்பர்ப் பூச்சு. அதற்கும் கீழே சத்தத்தையும் சூட்டையும் தடுக்கும் அடிப்பஞ்சு. கழிவுத்துணி நாராலோ ரெஜிபோம் போன்ற பொருளாலோ செய்யப்பட்டிருக்கும். பல வாகனங்களில் அதற்கும் அடியில் தகட்டோடு ஒட்டிய தார்ப் பட்டைகள் இருக்கின்றன. பெற்றோலும் டீசலும் தாரைக் கரைக்கும். பல நாள் ஊறினால் அந்தப் பட்டை பசைபோல் இளகி வேறொரு மணத்தைத் தானும் விடத் தொடங்கும்.

மேலே எவ்வளவு தேய்த்தாலும் மணம் போகாததன் இரகசியம் இந்த அடிப்பஞ்சில் இருக்கிறது. அரை லீற்றர் டீசல் சிந்தினால் நாரில் தங்குவது கொஞ்சமே. மீதி கீழே இறங்கி, தகட்டின் பள்ளங்களை நோக்கி ஓடித் தேங்கும். சிந்திய இடம் பின்னால் இருக்க, மணம் சாரதியின் காலடியிலிருந்து வருவதும் உண்டு.

எடுக்கும் முறை

மண்ணெண்ணெயும் டீசலும் சிந்தியபோது செய்ய வேண்டியதை இங்கே சொல்கிறோம். பெற்றோல் என்றால், கதவுகளைத் திறந்து பல மணி நேரம் காற்றாட விட்ட பின்னர், மீந்திருப்பதற்கு இதே முறையைக் கையாளலாம்.

நேரம் முக்கியம். முதல் அரை மணி நேரத்தில் எடுப்பதே பெரும்பகுதி. பழைய பருத்திச் சாறன், சேலைத் துண்டு, துவாய் எதுவானாலும் மடித்து நனைந்த இடத்தில் வைத்து அழுத்துங்கள். மேலே ஏறி நின்றும் அழுத்தலாம். துணி ஊறியதும் மாற்றுங்கள். தேய்க்க வேண்டாம். தேய்த்தால் சிறிய வட்டம் பெரிய வட்டமாகும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி அழுத்தி வாருங்கள்.

துணியில் இனி ஒன்றும் ஏறவில்லை என்ற நிலை வந்ததும் உறிஞ்சும் பொருளைத் தூவ வேண்டும். இதற்காகக் கடைக்குப் போகத் தேவையில்லை. காய்ந்த மரத்தூள், உமி, தும்புத்தூள், உமிச்சாம்பல் எல்லாம் எம் ஊரில் உள்ளவை. எமது அனுபவத்தில் உமிச்சாம்பலும் தும்புத்தூளும் கலந்தது நன்றாக வேலை செய்கிறது. சாம்பல் நன்கு ஆறியதா என்று கையை விட்டுப் பாருங்கள். அரிசி ஆலைச் சாம்பலுக்குள் இரண்டு நாளைக்குப் பிறகும் தணல் இருக்கலாம். ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, காலால் மிதித்து, ஒரு இரவு முழுவதும் விடுங்கள். காலையில் தும்புக்கட்டையால் கூட்டி அள்ளிவிட்டு மீண்டும் ஒருமுறை புதிதாகத் தூவுங்கள். இரண்டாவது தடவை அள்ளும்போது தூள் உலர்ந்ததாகவே வந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

பெற்றோல் சிந்திய இடத்தில் மரத்தூளையும் உமியையும் தவிர்த்து உலர்ந்த மணலைப் பாவிப்பது நல்லது. பெற்றோல் ஊறிய மரத்தூள் எரிவதற்கு ஒரு பொறி போதும்.

இனிச் சவர்க்காரம். எண்ணெயும் தண்ணீரும் சேர்வதில்லை. சவர்க்காரம் இரண்டையும் பிடித்துச் சேர்த்துவைக்கும். பாத்திரம் கழுவும் திரவம் இதற்கு மிக நன்று, ஏனெனில் கொழுப்பை எடுப்பதே அதன் தொழில். ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி விட்டு நன்றாக நுரைக்க அடியுங்கள். கார்ப்பெற்றில் போக வேண்டியது நுரையே, தண்ணீர் அல்ல. ஒரு பழைய பிறஸ்ஸால் நுரையைத் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள். மூன்று நான்கு தடவை இப்படிச் செய்ய வேண்டிவரும். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் வாளித் தண்ணீரை ஊற்றுகிறார்கள். ஊற்றினால் எண்ணெயோடு தண்ணீரும் அடிப்பஞ்சில் போய் நிற்கும். ஒரு கிழமையில் பூஞ்சண மணமும் ஆறு மாதத்தில் தகட்டில் கறளும் வரும்.

நன்கு காய்ந்த பிறகு அப்பச்சோடாவைத் தூவி ஒரு நாள் விட்டு உதறலாம். மிஞ்சிய ஈரத்தையும் சிறிதளவு மணத்தையும் அது பிடிக்கும். அரை லீற்றர் டீசலை அது பிடிக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். சிரட்டைக்கரியை இடித்துத் துணியில் முடிந்து ஆசனத்துக்குக் கீழே வைப்பதும் அப்படித்தான். எடுக்க வேண்டியதை எடுத்த பிறகு கடைசிச் சொட்டு மணத்துக்கு உதவும்.

கார்ப்பெற்றைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். கதவோரத்துப் பிளாஸ்ரிக் பட்டியைக் கழற்றி ஓரத்தை உயர்த்தினால் அடிப்பஞ்சு தெரியும். கையால் அழுத்தும்போது எண்ணெய் கசிந்தால், மேலே செய்யும் வேலையால் பயனில்லை. ஆசனத்தின் நான்கு போல்ற்றுகளைக் கழற்றி, விரிப்பை வெளியே எடுத்து, தலைகீழாக வேலியில் போட்டு, வெயிலும் காற்றும் பட விட வேண்டும். புதிய வாகனங்களில் ஆசனத்துக்குக் கீழே மஞ்சள் நிறப் பொருத்தியோடு வயர் வரும். அது காற்றுப்பைக்கு உரியது. அதைத் தெரிந்த மெக்கானிக் மட்டுமே தொடவேண்டும். தரைத் தகட்டில் இறப்பர் மூடியிட்ட துளைகள் பல வாகனங்களில் உண்டு. அவற்றைத் திறந்து கீழே ஒரு தாச்சியை வைத்தால், தேங்கிய எண்ணெய் தானாகவே வடியும்.

நன்கு ஊறிய அடிப்பஞ்சைக் கழுவிக் காப்பாற்ற முயல வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்துண்டு வையுங்கள். குசன் வேலை செய்பவரிடம் அதற்கான துண்டு கிடைக்கும். மூன்று கிழமை தேய்ப்பதற்குச் செலவாகும் சவர்க்காரமும் மினக்கேடும் அதைவிடக் கூட.

செய்யக்கூடாதவை சிலவற்றையும் சொல்ல வேண்டும். டீசலைக் கரைத்து எடுக்கப் பெற்றோலையோ தின்னரையோ ஊற்றித் துடைப்பது எம்மிடையே மலிந்த பழக்கம். டீசல் கரையும் என்பது உண்மை. கரைந்த டீசல் மேலும் கீழே இறங்கும் என்பதும், சிறிய ஆபத்துக்குப் பதில் பெரிய ஆபத்தை வானுக்குள் கொண்டுவந்தோம் என்பதும் உண்மை. தேசிக்காய்ச் சாறும் வினாகிரியும் எண்ணெயைக் கரைப்பதில்லை. அவற்றைப் பூசிய இடத்தில் வெளிறச் செய்யும் திரவத்தையும் ஊற்றினால் குளோரின் என்னும் நச்சு வாயு எழும். மூடிய வானுக்குள் குனிந்து நின்று வேலை செய்பவரின் சுவாசப்பைக்கு அது கேடு.

பிள்ளைகளுக்கு என்ன?

பெற்றோலில் பென்சீன் என்ற பொருள் சிறிதளவு இருக்கிறது. மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது உறுதியான பொருட்களுள் ஒன்றாக அதை உலகப் புற்றுநோய் ஆய்வாளர்கள் வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஒருநாள் மணத்தால் அப்படி ஒன்றும் நேர்ந்துவிடாது. வீண் பயம் வேண்டாம். தினமும் காலையும் மாலையும் மூடிய வாகனத்தில் அந்தக் காற்றைச் சுவாசிப்பது வேறு விடயம். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், கண் எரிவு ஆகியவை முதலில் வரும். பிள்ளைகளின் மூக்கு எம்முடையதைவிடத் தரைக்குக் கிட்ட இருக்கிறது. உடல் நிறைக்கு ஏற்பப் பார்த்தால் அவர்கள் எம்மைவிடக் கூடுதலாகக் காற்றை இழுக்கிறார்கள். கர்ப்பிணித் தாய்மாரையும் தொய்வு உள்ளவர்களையும் எண்ணெய் மணக்கும் வாகனத்தில் ஏற்றாமல் விடுவது நல்லது.

ஒன்றைச் சாரதிமார் கவனிக்க வேண்டும். மூக்கு ஒரு மணத்துக்குச் சில நிமிடங்களில் பழகிவிடும். “இப்ப மணமில்லை” என்று அந்த வானில் நாள் முழுவதும் இருப்பவர் சொல்வதை நம்ப முடியாது. கழுவிக் காய்ந்த பின் வாகனத்தை நிழலில் ஒரு மணி நேரம் மூடி வைத்து, வேறொருவரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து மணக்கச் சொல்லுங்கள். அடுத்த வீட்டு அக்கா “மணக்குது தம்பி” என்றால் மணக்கிறது என்பதே முடிவு.

சோடாப் போத்தலிலும் தண்ணீர்ப் போத்தலிலும் எண்ணெய் எடுத்துவந்து ஆசனத்துக்கடியில் உருட்டிவிடுவதை எப்படியும் நிறுத்த வேண்டும். தாகத்தில் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும். குடித்துவிட்டால் சத்தி எடுக்கவைக்கக் கூடாது. உப்புத்தண்ணீர் கொடுப்பதும் தொண்டைக்குள் விரல் விடுவதும் பிழையான வைத்தியம். வயிற்றிலுள்ள மண்ணெண்ணெய் திரும்பி வரும்போது சுவாசப்பைக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். போத்தலையும் கூடவே கொண்டுபோங்கள்.

கழுவிய தண்ணீர் எங்கே போகும்?

எண்ணெயை வானிலிருந்து எடுத்துக் கிணற்றடியில் ஊற்றினால் எடுத்து என்ன பயன்? யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல். வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. மேலே விழுவது வடிகட்டப்படாமலே கீழே போய்விடும். அங்கே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீரே. சுன்னாகத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக 2014, 2015 ஆண்டுகளில் எழுந்த முறைப்பாடுகளையும், பவுசர் தண்ணீருக்கு மக்கள் காத்திருந்ததையும் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். அங்கு மின்நிலையம் நடத்திய கம்பனி இரண்டு கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு வானின் கழிவு அந்த அளவுக்கு வராதுதான். ஆனால் வளவுக் கிணற்றில் எண்ணெய் மணக்கச் சிறிதளவே போதும்.

ஆகவே கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் நன்கு தள்ளி வேலையைச் செய்யுங்கள். ஒற்றிய துணிகளை வாளிக்குள் பிழியுங்கள்; நிலத்தில் பிழிய வேண்டாம். வாளியை ஒரு நாள் அசையாமல் வைத்தால் எண்ணெயின் ஒரு பகுதி மேலே மிதக்கும். அதை அகப்பையால் எடுத்துப் பழைய எஞ்சின் ஒயில் சேர்க்கும் கராச்சில் கொடுத்துவிடலாம். எண்ணெய் பிரிக்கும் தொட்டி உள்ள சேர்விஸ் நிலையம் பக்கத்தில் இருந்தால், கழுவும் வேலையையே அங்கு செய்விப்பது இன்னும் நல்லது. டீசலும் மண்ணெண்ணெயும் ஊறிய உமியையும் மரத்தூளையும் மூடியுள்ள தகர வாளியில் சேர்த்து வைத்தால் செங்கற்சூளைக்காரர் எரிப்பதற்கு எடுத்துக்கொள்வார். பெற்றோல் ஊறிய மணலையும் துணியையும் சூளைக்கும் அடுப்புக்கும் கொண்டுபோகவே கூடாது. ஆளும் நெருப்பும் இல்லாத வெளியில் தகரத்தின் மேல் பரப்பி, மணம் அறும்வரை காயவிட்டு, பிறகு பிரதேச சபையின் குப்பையில் சேருங்கள்.

அடுத்த முறை கான் ஏற்றும்போது

கானைக் கழுத்துவரை நிரப்புவது எமது வழக்கம். காசு கொடுத்த இடத்தில் நிறைவாக வாங்க வேண்டும் என்ற எண்ணம். பெற்றோல் சூட்டில் விரியும். 20 லீற்றர் கானில் வெப்பம் 20 பாகை கூடினால், ஏறக்குறைய 400 மில்லிலீற்றர் கூடுதலாக இடம் கேட்கும். இடமில்லாவிட்டால் மூடியால் வரும். ஒரு சாண் இடம் விட்டு நிரப்பினால், சிந்துவதில் பாதி சிந்தாது.

நிரப்பும்போது கானை வாகனத்திலிருந்து இறக்கி நிலத்தில் வையுங்கள். கார்ப்பெற்றின் மேல் வைத்துக்கொண்டே நிரப்பினால், ஓடும் பெற்றோலால் உண்டாகும் மின்னேற்றம் நிலத்துக்குப் போக வழியில்லாமல் கானில் தங்கிவிடும். குழாய் முனை நெருங்கும்போது பொறியாகப் பாயும். ஏற்றும்போது நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் ஆசனக் காலோடு கட்டுங்கள். கீழே ஒரு பழைய பிளாஸ்ரிக் பேசினில் இரண்டு பிடி தும்புத்தூள் போட்டு, அதற்குள் கானை வைத்தால், கசிவது பேசினோடு நிற்கும். பிள்ளைகள் ஏறும் ஓட்டத்தில் கான் வேண்டாம். அதற்கென்று தனி ஓட்டம் போங்கள். லான்ட்மாஸ்டர்ப் பெட்டி இருந்தால் அதுவே இதற்குத் தகுந்த வாகனம்.

கான் ஏற்றவும் இல்லை, ஒன்றும் சிந்தவும் இல்லை, ஆனாலும் வான் மணக்கிறது என்பவர்களும் எம்மிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படியானால் தாங்கி மூடியின் இறப்பர் வளையம், தாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய், அதன் இணைப்புகள் என ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இரவில் வாகனத்துக்கு அடியில் ஒரு காட்போட் மட்டையை விரித்துவிட்டு, காலையில் ஈரப்பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். பொட்டு இருந்தால் அதற்கு நேர் மேலேயோ சற்று முன்னாலேயோதான் ஓட்டை. பெற்றோல் வாகனமானால் அன்று எஞ்சினை இயக்க வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.